இடக்கை மாப்பிள்ளை

ஒரே துணியில் ஒரே படம் ஓடிக்கொண்டிருந்தது. துணிக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்துச் சிரித்து இருமினார்கள். துணிக்கு முன்னால் இருந்தவர்கள் இழவு வீட்டுக்கு வந்தவர்கள்போல வாயைத் திறக்காமல் இருந்தார்கள். படப்பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்த சத்தியநேசனுக்குக் காரணம் விளங்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம், மாசி மாதத்துப் புதன்கிழமை. சத்தியநேசன் பத்தமடையில் கூடாரம் போட்டு அது இரண்டாம் நாள். இன்னும் ஒரு நாள் காட்டிவிட்டு, மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றி அம்பாசமுத்திரம் போவதாக இருந்தார். அவர் பாளையங்கோட்டைக்காரர். பன்னிரண்டு வருஷம் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். சலனப் படத்தின்மேல் ஆசைப்பட்டு அந்த வேலையை விட்டவர்.

அவருடைய கூடாரத்தில் திரை ஒரு ஓரத்தில் இருக்காது, நடுவில் தொங்கும். நாலு முழ வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த பெரிய வெள்ளைத் துணி அது. அதன்மேல் தண்ணீரைப் பீச்சி நன்றாக நனைத்துவிடுவார்கள். உலர்ந்த துணி, தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அடித்துவிடும். நனைந்த துணியில் நூலுக்கு நூல் இடைவெளியில் தண்ணீர் நிரம்பிக்கொள்வதால் வெளிச்சம் ஊடுருவி மறுபக்கமும் போகும். அதனால் முன்னால் உட்கார்ந்தாலும் படம் தெரியும், பின்னால் உட்கார்ந்தாலும் தெரியும். ஒரே விளக்கு, இரண்டு கூட்டம்.

மற்ற ஊர்களில் பின்பக்கம் குறைந்த கட்டணக்காரர்களுக்கு. பத்தமடையில் அது பெண்களுக்கு. கோரைப்பாய் நெய்யும் முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. பாய் வியாபாரி முகம்மது இப்ராஹிம்தான் கூடாரம் போடத் தன் களத்தைக் கொடுத்தார். பெண்களும் பார்க்க வேண்டும் என்று ஜமாஅத்துத் தலைவர் நூகு லெப்பையிடம் பேசி அனுமதி வாங்கியவரும் அவர்தான். ஆண்களும் பெண்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க நடுவில் ஒரு துணி வேண்டும் என்று லெப்பை சொன்னார். துணி ஏற்கெனவே இருக்கிறதே என்று சத்தியநேசன் திரையைக் காட்டினார். தனி வாசல், தனித் தடுப்பு. அந்த ஊர்ப் பெண்கள் ஒரு காட்சிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

இனி அந்தப் படம். அது காசு கொடுத்து வாங்கியதல்ல. ஆறு மாதத்துக்கு முன் தூத்துக்குடியில் ஒருவர் தொழிலை விட்டுவிட்டுப் படச்சுருள்களை விற்றபோது சத்தியநேசன் ஆறு சுருள்கள் எடுத்தார். ஏழாவதாக ஒன்று, உருளையில் சுற்றாமல் பிஸ்கட் டப்பாவுக்குள் சும்மா சுருண்டு கிடந்தது. தலைப்பு இருந்த முன்பகுதி கிழிந்து போயிருந்தது. இதை எந்த ஊரிலும் யாரும் கேட்டதில்லை, வேறு படம் அறுந்தால் ஒட்டுப்போட வைத்துக்கொள்ளும் என்று சொல்லி விற்றவர் இனாமாகக் கொடுத்துவிட்டார். சத்தியநேசன் அதைக் கையால் ஒரு காலி உருளையில் சுற்றி வைத்தார். அதற்குப் பிறகு மறந்தும் போனார். புதன்கிழமை கடல் அலைப் படம் நடுவில் அறுந்து, இயந்திரம் பிடித்து இழுக்கும் ஓரத்துப் பல் துளைகளும் கிழிந்துபோனதால், அந்த நேரத்தை நிரப்ப இதை எடுத்து மாட்டினார்.

மாட்டிச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் அது எவ்வளவு நல்ல படம் என்று தெரிந்தது. வெள்ளைக்காரர்களின் கலியாண வீடு. மாடியில் ஓர் இரும்புப் பெட்டி. அதைக் களவாட மூன்று பேர், விருந்தாளிகள்போல உடை போட்டுக்கொண்டு வருகிறார்கள். பந்தியில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுகிறார்கள். மாப்பிள்ளை பெண்ணுக்கு ஒரு துண்டுப் பலகாரம் ஊட்டும்போது எல்லோரும் அங்கே பார்க்க, இவர்கள் மாடி ஏறுகிறார்கள். இரும்புப் பெட்டியைக் கீழே விரித்திருந்த பெரிய ஜமக்காளத்தில் வைத்துச் சுருட்டுகிறார்கள். சுருட்டிய ஜமக்காளத்தைத் தோளில் வைத்து, அது லேசானது என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு படி இறங்குகிறார்கள். முழங்கால் மட்டும் நடுங்குகிறது. கீழே நின்ற போலீஸ்காரர் சலாம் வைத்து, ஜமக்காளம்தானே என்று ஒரு முனையை ஒரு கையால் தாங்க வருகிறார். தாங்கியவர் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். பிறகு பெண்ணின் தகப்பன் வந்து தாங்குகிறார். கடைசியில் கலியாண வீடே சேர்ந்து அந்தப் பெட்டியைக் களவாணிகளின் வண்டியில் ஏற்றி விடுகிறது. ஊருக்கு வெளியே போய்ப் பெட்டியை உடைத்துத் திறந்தால் உள்ளே ஒரு காசு இல்லை. முந்தின நாள் களவாட வந்து உள்ளே மாட்டிக்கொண்ட வேறொரு களவாணி கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்திருக்கிறான்.

பாய் சுருட்டித் தோளில் சுமக்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான படம் எங்கே கிடைக்கும்? பின்பக்கத்துச் சிரிப்பில் சத்தியநேசனுக்கு ஆச்சரியம் இல்லை. முன்பக்கத்து மௌனம்தான் அவரைக் கலக்கியது. வெளிச்சம் குறைவோ என்று விளக்கைத் தூண்டினார். வெளிச்சம் பின்னால்தான் குறைவு. வேகம் கூடிவிட்டதோ என்று பார்த்தார். விநாடிக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு எட்டுப் படம், அளவு சரியாகத்தான் இருந்தது. காட்சி முடிந்து வெளியே போன ஓய்வுபெற்ற ஏட்டு பரமசிவனிடம் என்ன குறை என்று கேட்டார். "போலீஸ்காரனை இப்படியா வே காட்டுவாவ?" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் நடந்தார். போலீஸ்காரர் ஏமாறுவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று சத்தியநேசன் எடுத்துக்கொண்டார். நூற்றிருபது ஆண்களுக்கும் ஏன் பிடிக்காமல் போனது என்பதற்கு அது பதிலாகவில்லை.

பதில் மறுநாள் காலையில் இப்ராஹிமின் முகத்தில் வந்தது. களத்துக்கு வந்தவர் ஒரே நாளில் இளைத்தவர்போல இருந்தார். நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி என்று சத்தியநேசன் கேட்டதைக் காதில் வாங்கவில்லை.

"ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் வே. நேத்து அந்த மாப்பிள்ளை, பொண்ணுக்கு எந்தக் கையால ஊட்டுனான்?"

சத்தியநேசன் கையைப் பார்க்கவே இல்லை. படம் காட்டுகிறவர் படத்தைப் பார்ப்பது குறைவு. சுடரையும், லென்ஸுக்குப் பின்னால் படம் நுழையும் கதவுக்கு மேலே அது வளைந்து நிற்கும் வளைவையும்தான் பார்ப்பார்.

"நாங்க பார்த்தோம். இடது கை. சபை நடுவுல, பெத்தவங்க முன்னால, கலியாணப் பொண்ணு வாயில இடது கையால ஊட்டுதான். அதைக் கண்ட பிறகு எங்களுக்கு எங்க வே சிரிப்பாணி வரும்?"

 அந்த வட்டாரத்தில் எந்த மதத்துக்காரர் வீடானாலும் இடது கை எதற்கு என்று குழந்தைக்கும் தெரியும். அந்தக் கையால் ஒருவர் வாயில் உணவை வைப்பதைச் சத்தியநேசன் காசு வாங்கிக்கொண்டு ஊருக்கே காட்டியிருக்கிறார்.

இப்ராஹிம் மீதியைச் சொன்னார். வீட்டுக்குப் போய், இப்படிப்பட்ட அசிங்கத்துக்கா சிரித்தாய் என்று மனைவி ஜுபைதா பீவியைக் கடிந்திருக்கிறார். அசிங்கம் எது என்று அவள் கேட்டிருக்கிறாள். இவர் சொன்னதும், அவன் வலது கையால்தானே ஊட்டினான் என்றிருக்கிறாள். இதே சண்டை அந்தத் தெருவில் எட்டு வீட்டில் நடந்திருக்கிறது. ஆண்கள் அத்தனை பேரும் இடது கை என்கிறார்கள், பெண்கள் அத்தனை பேரும் வலது கை என்கிறார்கள். விடியற்காலைத் தொழுகைக்குள் பேச்சு நூகு லெப்பையின் காதுக்குப் போய்விட்டது. இன்னொரு நாளும் படம் பார்க்கும் ஆசையில் பெண்கள் கூடிப் பொய் சொல்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல் ஜுபைதாவைச் சுட்டிருக்கிறது. குர்ஆனைத் தொட்டு ஆணையிடுகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டாள். கோபத்தில் இப்ராஹிமும், நானும் இடுகிறேன் என்று சபையில் சொல்லிவிட்டார். இன்றைக்குச் சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் லெப்பை வீட்டில் இருவரும் ஆணையிட வேண்டும்.

"ரெண்டு பேரும் தொட்டுச் சொன்னா ஒருத்தர் பொய் ஆணை இட்டதா ஆயிரும். அவ பொய் சொல்லுதவ இல்ல வே. இருபத்திரண்டு வருஷமா எனக்குத் தெரியும். ஆனா எனக்கும் கண்ணு இருக்கு."

இதைக் கேட்டதும் சத்தியநேசனுக்கு மூச்சு வந்தது. இதற்கு விடை அவருக்குத் தெரியும். உள்ளே போய் எண்ணெய் தடவிய ஒரு தாளை எடுத்து வந்து, அதில் ஒரு மனிதனின் உருவத்தை வரைந்து, வலது கையில் ஒரு கோலைக் கொடுத்தார். இந்தப் பக்கம் பாருங்கள் அண்ணாச்சி, கோல் எந்தக் கையில்? வலது கையில். தாளைத் திருப்பாமல் நீங்கள் மட்டும் அந்தப் பக்கம் போய் நின்று வெளிச்சத்துக்கு நேராகப் பாருங்கள். இப்போது எந்தக் கையில்? இப்ராஹிம் போய் நின்று பார்த்தார். இடது கையில். திரும்பி வந்து பார்த்தார், மறுபடி போய்ப் பார்த்தார். ஊடுருவித் தெரிகிற எந்தப் படமும் பின்பக்கத்தில் இடம் வலமாகத்தான் தெரியும், நீங்கள் கண்டதும் நிஜம், உங்கள் வீட்டில் கண்டதும் நிஜம் என்று சத்தியநேசன் சொன்னார்.

இப்ராஹிம் கீழே உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்படின்னா, அவன் நெசமா ஊட்டுனது எந்தக் கை?"

முன்னால் தெரிவதுதான் நிஜம், பின்னால் தெரிவது அதன் திருப்பம் என்று சொல்ல ஆரம்பித்த சத்தியநேசன் பாதியில் நிறுத்திக்கொண்டார். சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

"லெப்பை கேக்கப் போறது நீ எதைக் கண்டேன்னு இல்ல வே. அவன் எந்தக் கையால ஊட்டுனான்னு கேப்பாரு. ஜுபைதா வலது கைன்னு தொட்டுச் சொல்லப் போறா. அது பொய்யாயிரும்."

இருவரும் இப்ராஹிமின் வீட்டுக்கு நடந்தார்கள். எப்படியாவது அவளை ஆணையிடாமல் நிறுத்த வேண்டும் என்பதுதான் இருவர் மனத்திலும் இருந்தது.

ஜுபைதா பீவி உள் அறையில் தறியில் இருந்தாள். அன்னியர் வந்ததால் கதவு முக்கால்வாசி சாத்தியிருந்தது. முற்றத்தில் நின்றபடி சத்தியநேசன் கதவைப் பார்த்து, எண்ணெய்த் தாள் விஷயத்தை முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தறியின் சத்தம் நின்றது.

"விளங்குதா ஏளா?" என்று இப்ராஹிம் கேட்டார். "நீ கண்டது திரும்பின படம். போய் லெப்பைகிட்ட, நான் கண்டது அப்படித்தான், ஆனா அவன் ஊட்டுனது இடது கைதான்னு பைய சொல்லிருவோம். ஆணை வேண்டாம்."

 கதவுக்குப் பின்னாலிருந்து ஜுபைதாவின் குரல் நிதானமாக வந்தது.

"செவ்வாக்கிழமை ஒரு தச்சன் படம் போட்டாங்களே. முன்னால இருந்த உங்களுக்கு அவன் எந்தக் கையால ரம்பம் புடிச்சான்?"

வலது கை என்று இப்ராஹிம் சொன்னார்.

"எங்களுக்கு இடது கை. அவன் மட்டும் இல்ல, அன்னைக்கு வந்த எல்லாருமே எங்களுக்கு இடங்கையா இருந்தாங்க. வெள்ளக்காரன் எல்லாம் இடங்கையன் போலன்னு நாங்க அதிசயப்பட்டுக்கிட்டு வந்தோம், சிரிக்கக்கூடத் தோணல. இவர் சொல்லுத மாதிரிதான் நடந்திருக்கு, சரி. ஆனா நேத்து இந்தக் களவாணிப் படத்துல மட்டும் எங்களுக்கு எல்லாரும் வலங்கையா ஆயிட்டாங்க. மாப்பிள்ளை, பந்தியில வெளம்புதவன், போலீசு, அந்த மூணு களவாணி, எல்லாரும். பின்னால இருக்கவங்களுக்கு எப்பவும் திரும்பித்தான் தெரியும்னா, நேத்து ஏன் திரும்பல?"

சத்தியநேசன் இப்ராஹிமைப் பார்த்தார். நேற்று முன்னால் இருந்து பார்த்ததில் வலது கையால் எதையாவது செய்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். இப்ராஹிம் கண்ணை மூடி யோசித்தார். ஒருவரும் இல்லை. பந்தியே இடது கையால் சாப்பிட்டது. போலீஸ்காரர்கூட இடது கையால்தான் சலாம் வைத்தார். வாள்கூட அவருக்கு வலது இடுப்பில் தொங்கியது. அதைத்தான் பரமசிவன் ஏட்டு சொல்லியிருக்கிறார்.

ஒரு மாப்பிள்ளை இடக்கைப் பழக்கக்காரனாக இருக்கலாம். ஒரு ஊரே அப்படி இருக்காது.

"பாய்க்கு நல்ல பக்கம் ஒண்ணு இருக்கு, மறுபக்கம் ஒண்ணு இருக்கு," என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "உங்க படத்துக்கு எது நல்ல பக்கம்னு பார்த்தா போட்டீங்க?"

  சத்தியநேசன் இரண்டு வருஷமாகப் படம் காட்டுகிறார். அந்தக் கேள்வியை அவர் தன்னிடமே கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவை வரவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஆங்கிலத்தில் தலைப்பு வரும். எழுத்து நேராகத் தெரிந்தால் படம் நேர். திரும்பித் தெரிந்தால் கழற்றி மாற்றி மாட்டுவார். அவருக்குத் தெரிந்த ஒரே சோதனை அதுதான். இந்தப் படத்தில் தலைப்பு இல்லை. அதில் ஒரு எழுத்தும் கிடையாது. அச்சுக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் ஈய எழுத்துகளைத் திருப்பித் திருப்பிப் படித்த கண்ணுக்கு, திரும்பிய படம் திரும்பியதாகவே உறைக்கவும் இல்லை.

அவர் களத்துக்கு ஓடினார். இப்ராஹிம் பின்னால் ஓடினார்.

படச்சுருளுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று பளபளப்பானது, அது வெறும் தாங்கு பட்டை. மற்றது மங்கலானது, அதில்தான் படம் பதியும் பசை பூசியிருக்கும். ஈரமான உதட்டில் வைத்தால் மங்கிய முகம் லேசாக ஒட்டும், பளபளப்பான முகம் ஒட்டாது. சத்தியநேசன் முதலில் ரயில் படத்தை எடுத்தார். அதில் எஞ்சினின் நெற்றியில் எழுபத்து மூன்று என்ற எண் இருக்கும். மங்கிய முகம் தன்னைப் பார்க்கும்படி பிடித்து வெயிலுக்கு நேராக, லென்ஸ் வைத்துப் பார்த்தார். எண் நேராகத் தெரிந்தது. பளபளப்பான முகத்தைத் திருப்பிப் பார்த்தார். எண் திரும்பித் தெரிந்தது. தச்சன் படத்தின் தலைப்பை எடுத்தார். அதுவும் அப்படியே. கையில் இருந்த ஆறு சுருளிலும் அப்படியே. ஆகவே மங்கிய முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் நல்ல பக்கம். முன்னால் இருப்பவர்கள் விளக்கு இருக்கும் பக்கத்திலிருந்து பார்ப்பதால், இயந்திரத்தில் அது விளக்கைப் பார்த்து இருக்க வேண்டும்.

கடைசியாகக் களவாணிப் படத்தை எடுத்து, மங்கிய முகம் தன்னைப் பார்க்கும்படி பிடித்தார். மாப்பிள்ளை வலது கையால் ஊட்டினான். இயந்திரத்தில் மாட்டியிருந்த உருளையைப் பார்த்தார். மங்கிய முகம் வெளியே, லென்ஸ் பக்கம் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன் டப்பாவிலிருந்து எடுத்துச் சுற்றியபோது அவர்தான் உள்முகத்தை வெளிமுகமாகச் சுற்றியிருந்தார்.

நேற்று முன்னால் இருந்த நூற்றிருபது ஆண்கள் பார்த்தது பொய். பின்னால் இருந்த பெண்கள் பார்த்ததுதான் நிஜம். அந்தப் பொய்யை உருவாக்கியவர் சத்தியநேசன். இப்ராஹிம் அதற்கு ஆணையிட இன்னும் சில நாழிகைதான் இருந்தது. ரயில் படத்திலும் களவாணிப் படத்திலும் ஒவ்வொரு துண்டை வெட்டி, லென்ஸோடு எடுத்துக்கொண்டார்.

லெப்பையின் வீட்டு முற்றத்தில் அசர் தொழுகை முடிந்து வந்த ஆண்கள் நிறைந்திருந்தார்கள். உள் வாசலில் ஒரு திரை தொங்கியது. அதற்குப் பின்னால் பெண்கள் வந்து உட்கார்ந்துவிட்டது வளையல் சத்தத்தில் தெரிந்தது. குர்ஆன் பட்டுத் துணியில் சுற்றி மேசைமேல் இருந்தது. நூகு லெப்பை எழுபதைத் தாண்டிய மனிதர், அதிகம் பேசமாட்டார். ஆணைக்கு முன்னால் தான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சத்தியநேசன் சொன்னதும், சொல்லும் என்று கையைக் காட்டினார்.

சத்தியநேசன் முதலிலிருந்து சொன்னார். சபை நம்பவில்லை. கூடாரத்தைக் காப்பாற்றிக்கொள்ள இந்த ஆள் ஏதோ வித்தை சொல்கிறார் என்று பின்னால் ஒருவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. லெப்பை கையை நீட்டி, கொண்டா பார்ப்போம் என்றார். சத்தியநேசன் ரயில் படத்தின் ஒரு துண்டைக் கொடுத்தார். மங்கிய முகத்தைக் கண்டுபிடிக்க உதட்டில் வைத்துப் பாருங்கள் என்றார்.

"இந்தப் பூச்சு எதுல செஞ்சது?"

எலும்பிலிருந்து காய்ச்சிய பசை என்று சத்தியநேசன் உண்மையைச் சொன்னார். எந்த மிருகத்தின் எலும்பு என்று அவருக்குத் தெரியாது. லெப்பை அதை முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். வேண்டாம் என்று விரல் நுனியை மட்டும் நனைத்துத் தொட்டுப் பார்த்தார். ஒரு முகம் ஒட்டியது. அந்த முகத்தைத் தன் பக்கம் வைத்து, லென்ஸ் வழியாக வானத்தைப் பார்த்தார்.

"எழுபத்து மூணு," என்றார். திருப்பினார். "இப்போ கோணலா இருக்கு."

பிறகு களவாணிப் படத்தின் துண்டு. ஒட்டுகிற முகத்தைத் தன் பக்கம் வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.  இப்ராஹிம் குர்ஆனைப் பார்க்காமல் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது கை," என்றார் லெப்பை.

துண்டும் லென்ஸும் கை மாறி மாறிப் போயின. பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். தன் கண்ணால் கண்டது நடக்கவே இல்லை என்று தெரிந்துகொள்வது லேசான விஷயமில்லை. வயதான ஒருவர், இனிமேல் எதைத்தான் நம்புவது என்று கேட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

லெப்பை குர்ஆனை எடுத்து உள்ளே அனுப்பிவிட்டார். "இப்ராஹிம் கண்டதைச் சொன்னான். அவன் பீவி நடந்ததைச் சொன்னா. ரெண்டு பேர்லயும் பொய் இல்ல. ஆணை வேண்டாம்," என்றார்.

இப்ராஹிம் உள் வாசல் திரையைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கலாம். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஜுபைதாவின் குரல், "வீட்டுக்கு வாங்க, பேசிக்கிடுவோம்," என்றது. முற்றத்தில் அன்றைக்கு முதல் சிரிப்பு அப்போதுதான் எழுந்தது. இப்ராஹிமும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் பயந்தவர்போல.

எல்லாம் முடிந்தது என்று சத்தியநேசன் துண்டுகளைச் சுருட்டினார். லெப்பை அவரை விடவில்லை.

"இன்னைக்குப் படத்தை நேரா மாட்டுவீரு. முன்னால எங்களுக்கு வலது கை. பின்னால பொம்பளையளுக்கு?"

 சுருட்டிய துண்டைச் சத்தியநேசன் மறுபடி விரித்தார். நேற்று ஆண்களுக்கு வந்த அதிர்ச்சி இன்று பெண்களுக்கு வரும். அதே மாப்பிள்ளை, அதே சபை, இடது கை. எப்படி மாட்டினாலும் ஒரு பக்கத்துக்கு நேர், மறுபக்கத்துக்குத் திருப்பம். இது துணியின் குணம், அதை மாற்ற முடியாது.

அந்தப் படத்தை விட்டுவிடலாம், வேறு படம் போடலாம் என்று இப்ராஹிம் சொன்னார். திரைக்குப் பின்னால் ஒரே சமயத்தில் பல குரல்கள் எழுந்தன. மற்ற எல்லாப் படத்தையும் வேண்டுமானால் விட்டுவிடுங்கள், பாய் சுருட்டுகிற படத்தை விடாதீர்கள் என்றன. தோளில் பாரம் ஏற்றி லேசாக இருப்பதுபோல நடிக்கிற முகத்தை அவர்கள் வீட்டில் தினமும் பார்க்கிறார்கள், அதைத் துணியில் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆண்கள் பக்கத்திலும் ஒருவர், நேற்று நாங்கள் அதைப் பார்த்தும் பார்க்காதவர்களாகிவிட்டோம் என்று மெல்லச் சொன்னார்.

சத்தியநேசன் கையில் இருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் துளைகள் இரண்டு ஓரத்திலும் இருந்தன. எந்த முகத்தை எந்தப் பக்கம் வைத்தாலும் இயந்திரம் அதை இழுத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு முன் செய்த தவறு நடந்ததும் அதனால்தான். அந்தத் தவற்றை வேண்டுமென்றே, சரியான நேரத்தில் செய்தால் போதும்.

ஒரு தடவை முன்பக்கத்துக்கு, திருப்பி மாட்டி இன்னொரு தடவை பின்பக்கத்துக்கு என்று அவர் சொன்னதைக் கேட்ட லெப்பை, "ரெண்டாவது தடவை எங்களுக்கு இடது கை தெரியுமே," என்றார்.

"அப்போ நீங்க கண்ணை மூடிக்கிடுங்க. முதல் தடவை அவங்க மூடிக்கிடட்டும்," என்றார் சத்தியநேசன்.

அன்று மாலை யாரும் கண்ணை மூடவில்லை. ஏன் அப்படித் தெரிகிறது என்று தெரிந்த பிறகு யாருக்கும் மூடத் தோன்றவில்லை. முதல் ஓட்டத்தில் முன்பக்கம் சிரித்தது, பரமசிவன் ஏட்டு உட்பட. போலீஸ்காரரின் வாள் இடது இடுப்பில் இருந்தது, அது அவருக்குப் போதும். இரண்டாம் ஓட்டத்தில் பின்பக்கம் சிரிப்பதைக் கேட்டு முன்பக்கமும் சேர்ந்து சிரித்தது. சத்தியநேசன் அந்தப் படத்தை ஒவ்வொரு ஊரிலும் அதற்குப் பிறகு இப்படித்தான் காட்டினார்.

திரைக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தால், படத்தை இரண்டு தடவை ஓட்ட வேண்டும். முதல் தடவை மங்கிய முகம் விளக்கைப் பார்க்க வேண்டும். அது முன்னால் இருப்பவர்களுக்கு. ஓடி முடிந்து இயந்திரத்துக்குக் கீழே கட்டிய துணிப்பையில் விழுந்த படத்தை, உருளையில் மேலாகச் சுற்றுவதற்குப் பதிலாகக் கீழாகச் சுற்றினால் முகம் மாறிவிடும். இரண்டாம் தடவை மங்கிய முகம் லென்ஸைப் பார்க்க வேண்டும். அது பின்னால் இருப்பவர்களுக்கு.